கிரிப்டோ குற்ற நாவல்: தடம் உண்டு, பெயர்தான் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்தைக் களமாக வைத்து கிரிப்டோ (இணைய நாணயம்) மோசடி நாவல் எழுதுகிறவர்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கதைக்கான கேள்விகளோடு, வீட்டில் நிஜமாகவே நடந்ததை எழுதிக் கேட்ட கடிதம் ஒன்றும் வந்தது. அதையும் சேர்த்திருக்கிறோம். வங்கிப் பரிவர்த்தனைகளிலும் சைபர் வழக்குகளிலும் அனுபவம் உள்ள இருவர் பதில் தருகிறார்கள்.

என் கதாநாயகன் நாகர்கோவிலில் இருந்தபடியே ஓர் எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோவை வாங்கி விற்கும் சந்தை) 40 கோடி ரூபாய் பிட்காயினைத் திருடுகிறான். "கிரிப்டோ என்பதால் பிடிக்க முடியாது" என்று போலீஸ் கைவிரிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் முட்டம் கடற்கரையில் பங்களா வாங்குகிறான். நம்பும்படி இருக்கிறதா?
– குளச்சல் வாசகர்

திருட்டு வரைக்கும் சரி. பங்களாதான் இடிக்கிறது.

பிட்காயின் என்பது ஊர் நடுவில் திறந்து வைத்த கணக்குப் புத்தகம். 2009 ஜனவரி 3-ஆம் தேதி எழுதப்பட்ட முதல் பக்கத்திலிருந்து இன்று காலை வரை எந்த முகவரியிலிருந்து (கணக்கு எண் போன்றது) எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதை யாரும் பார்க்கலாம். அதற்குக் காவல்துறை அனுமதியோ நீதிமன்ற உத்தரவோ வேண்டாம். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். ஆறு பக்கம் மேலே ஏறிவிட்டால், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தால், அந்தப் பரிமாற்றத்தை இனி மாற்ற முடியாது என்று எடுத்துக்கொள்வார்கள். புத்தகத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று, ஆளின் பெயர். "பணம் எங்கே போனது" என்று உங்கள் போலீஸ் தவிக்க வேண்டாம். அது திரையிலேயே தெரியும். "அந்த முகவரி யாருடையது" என்றுதான் அவர்கள் தவிக்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி பிட்ஃபினெக்ஸ் வழக்கு. 2016 ஆகஸ்டில் அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின் போயிற்று. அன்றைய மதிப்பு ஏழு கோடி டாலருக்குச் சற்று மேல். 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்தபோது அதன் மதிப்பு சுமார் 450 கோடி டாலர். அந்த ஐந்தரை ஆண்டுகளில் பெரும்பகுதி நாணயம் இருந்த இடத்திலேயே கிடந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்துச் செலவு செய்ய முடியவில்லை. கடைசியில் அவர்களைக் காட்டிக் கொடுத்தது, வாலட்டுகளின் (நாணயத்தைக் கையாளும் செயலிகள்) சாவிகளைப் பட்டியலாக எழுதி இணையச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் பூட்டி வைத்திருந்த கோப்பு.

முட்டம் பங்களாவுக்கு வருவோம். பத்திரப்பதிவில் பான் எண் கேட்பார்கள். நிலத்துக்கான பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. விற்கிறவர் ஒப்புக்கொண்டாலும் கிராமத்தில் பேச்சு நிற்காது. நாற்பது கோடி கையில் இருந்தும் தெங்கம்புதூரில் அதே வாடகை வீட்டில், அதே பைக்கில் போய்வருகிற மனிதன்தான் எங்களுக்குக் கதையாகத் தெரிகிறான். மனைவி ஐம்பதாயிரம் ரூபாய் நகைச்சீட்டுக்குக் கையேந்தி நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. உங்கள் கைப்பிரதியில் பிட்காயின் முகவரியை "0எக்ஸ்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். அது எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவின் முகவரி. பிட்காயின் முகவரி 1 அல்லது 3 என்ற எண்ணிலோ, "பிசி1" என்றோ தொடங்கும்.

மோசடிக்காரர்கள் பிட்காயினில்தான் பணம் வாங்குவார்களா? செய்தியில் யு.எஸ்.டி.டி. என்று வருகிறதே?
– கருங்கல் வாசகர்

இன்று முதலீட்டு மோசடியைக் கதையாக்கினால் யு.எஸ்.டி.டி. என்று எழுதுவதுதான் பொருந்தும். டெதர் நிறுவனம் வெளியிடும் நாணயம் அது. ஒன்றின் மதிப்பு ஒரு டாலரை ஒட்டியே நிற்கும். இரவில் வாங்கி காலையில் விற்றாலும் விலை ஆடாது என்பதால் கடத்துகிறவனுக்கு வசதி. பெரும்பாலும் ட்ரான் என்ற சங்கிலியில் (பிட்காயினுடையதைப் போன்ற இன்னொரு பொதுக் கணக்குப் புத்தகம்) ஓடும். அந்த முகவரி ஆங்கில "டி" எழுத்தில் தொடங்கி 34 எழுத்து நீளம் இருக்கும்.

நாவலாசிரியருக்கு இதில் இரண்டு முடிச்சுகள் காத்திருக்கின்றன. பிட்காயினை யாரும் முடக்க முடியாது. யு.எஸ்.டி.டி.-யை டெதர் நிறுவனம் முடக்கலாம். முகவரியைத் தடைப்பட்டியலில் ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், நகராது. வில்லன் "அனுப்பு" பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிற காட்சியை அப்படி எழுதலாம்.

இரண்டாவது கட்டணம். ட்ரானில் யு.எஸ்.டி.டி. அனுப்பப் பொதுவாக வாலட்டில் ட்ரானின் சொந்த நாணயமான டி.ஆர்.எக்ஸ். கொஞ்சம் இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் யு.எஸ்.டி.டி. வைத்திருப்பவன் சில நூறு ரூபாய் டி.ஆர்.எக்ஸ். இல்லாமல் திண்டாடலாம். இதை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. யாரோ விவரம் தெரியாதவர்போல, பணம் உள்ள ஒரு வாலட்டின் ரகசியச் சொற்களைப் பொதுவெளியில் எழுதிவிட்டு, "இதை எப்படி எடுப்பது?" என்று கேட்பார். பார்க்கிறவர் திறந்து பார்த்தால் யு.எஸ்.டி.டி. உண்மையிலேயே இருக்கும். கட்டணத்துக்கு டி.ஆர்.எக்ஸ். இல்லை. தன் காசில் கொஞ்சம் அனுப்புவார். அது மறுநொடி வேறு முகவரிக்குப் போய்விடும். யு.எஸ்.டி.டி.-யும் அசையாது. அந்த வாலட்டைத் திறக்க அந்தச் சொற்கள் போதும், பணத்தை எடுக்க வேறொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று முன்பே மாற்றி வைத்திருப்பார்கள். தூண்டிலில் இரை எப்போதும் நிஜ மீன்தான் என்று கடற்கரைக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தா இறந்த பிறகு அவருடைய பால் கணக்கு நோட்டில் 12 ஆங்கிலச் சொற்களைப் பேரன் கண்டெடுக்கிறான். ஒரு சொல்லைக் கரையான் அரித்துவிட்டது. பணம் போனது போனதுதானா?
– குலசேகரம், பள்ளி ஆசிரியை

போகவில்லை. கரையான் இன்னும் நன்றாகத் தின்ன வேண்டும்.

அந்தச் சொற்கள்தாம் வாலட்டைத் திறக்கும் சாவி. இஷ்டத்துக்கு எழுதியவை அல்ல. 2,048 சொற்கள் கொண்ட பொதுப்பட்டியல் ஒன்றிலிருந்து வாலட் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை. பட்டியலின் சொற்கள் ஒவ்வொன்றும் முதல் நான்கு எழுத்திலேயே வேறுபட்டுவிடும். கரையான் வாலைத் தின்று தலையை விட்டிருந்தால் சொல் அப்படியே கிடைத்துவிடும். முழுச்சொல்லும் போயிருந்தாலும் 2,048 வாய்ப்புகள்தாம். அதிலும் 12 சொற்களுக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. கண்டபடி சேர்த்த பதினாறு வரிசைகளில் ஏறக்குறைய ஒன்றுதான் அதில் தேறும். ஆக மிஞ்சுவது சுமார் 128. பேரன் பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு நாளில் கையாலேயே போட்டுப் பார்த்துவிடுவான்.

இரண்டு சொல் போனால், போன இடங்கள் தெரியும் என்றால், சரிபார்ப்புக்குப் பின் மிஞ்சுவது சுமார் 2,62,000. சாதாரணக் கணினிக்குச் சின்ன வேலை. மூன்று போனால் 53 கோடிக்கு மேல். நல்ல கணினியும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும். நான்கு போனால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அப்போது வீட்டுக் கணினியில் நடக்கிற காரியமில்லை. உங்கள் கதைக்கு மூன்று சொல் அரித்திருப்பது சரியான அளவு. முடியும், தனியாக முடியாது. உதவிக்கு ஒருவரை நம்ப வேண்டியிருக்கும். அங்கே உங்கள் துரோகி உள்ளே வருகிறான்.

சொல் எல்லாம் இருந்து வரிசை மட்டும் கலைந்திருந்தால்? 12 சொற்களை 47,90,01,600 விதமாக அடுக்கலாம். சரிபார்ப்பில் தேறுவது சுமார் மூன்று கோடி. கணினிக்கு முடிகிற வேலை. 24 சொல் கொண்ட வாலட்டில் வரிசை கலைந்தால் நடைமுறையில் முடியாத காரியம். தாத்தா கெட்டிக்காரர் என்று காட்ட, அவர் 24 சொற்களை ஒவ்வொரு மாதத்துப் பால் கணக்கிலும் ஒவ்வொன்றாக எழுதி வைத்ததாகச் சொல்லலாம். மாதங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்று எச்சரிக்கைகள். அந்தப் பட்டியல் தமிழில் கிடையாது. "ரப்பர், சிரட்டை, ஒட்டுப்பால்" என்று தமிழ்ச் சொற்களை வாலட் கேட்பதாக எழுதாதீர்கள். அடுத்தது, சொற்கள் சரியாக இருந்தும் இருப்பு பூஜ்யம் என்று காட்டுவது மெய்யாகவே நடக்கும். ஒரே சொற்களிலிருந்து வெவ்வேறு வாலட் செயலிகள் வெவ்வேறு வழியில் முகவரியைப் பிறப்பிக்கும். தாத்தா எந்தச் செயலியை எந்த ஆண்டில் பயன்படுத்தினார் என்பது முக்கியம். கூடுதலாக ஒரு கடவுச்சொல் வைத்திருந்தாலும், அதை விட்டுவிட்டால் வெற்று வாலட்தான் திறக்கும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு வீட்டார் நோட்டை அடுப்பில் போடுவது கொடுமையான, ஆனால் நடக்கக்கூடிய காட்சி. கடைசி எச்சரிக்கை கதைக்கு வெளியே உள்ளவர்களுக்கு: "சொற்களை இங்கே தட்டுங்கள், மீட்டுத் தருகிறோம்" என்கிற எந்த இணையதளத்திலும் அவற்றைத் தட்டாதீர்கள். தட்டிய மறுநிமிடம் வாலட் காலி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் நான். நண்பரின் நாவலில் ஒரு மருத்துவர் நள்ளிரவில் யு.பி.ஐ. மூலம் ஒரே தடவையில் 60 லட்சம் அனுப்புகிறார். காலையில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்ததும் பணம் திரும்பிவிடுகிறது. எனக்கு உறுத்துகிறது.
– வடசேரி வாசகர்

உறுத்தத்தான் வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பும் யு.பி.ஐ.-க்குப் பொதுவான வரம்பு நாளொன்றுக்கு ஒரு லட்சம். வங்கிகளின் உடனடிப் பரிமாற்றமான ஐ.எம்.பி.எஸ்.-க்கு ஒரு தடவைக்கு ஐந்து லட்சம். பெருந்தொகை என்றால் ஆர்.டி.ஜி.எஸ்.; அது குறைந்தது இரண்டு லட்சம் இருக்க வேண்டும். 2020 டிசம்பர் முதல் அது இரவும் பகலும் இயங்குகிறது. அதனால் நள்ளிரவில் இணையவழியில் போகலாம். ஆனால் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் சில மணி நேரம், சில வங்கிகளில் ஒரு நாள் முழுக்க, தொகைக் கட்டுப்பாடு இருக்கும். ஆகவே உங்கள் மருத்துவர் பெரும்பாலும் பல நாட்களில் பல தவணையாக அனுப்புவார். அல்லது காசோலையோடு கிளைக்கே போய் நிற்பார்.

இந்தக் கிளைக் காட்சியை நண்பர் தவறவிடக் கூடாது. கவுன்ட்டரில் இருக்கும் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டர், வெளிமாநில கம்பெனி அக்கவுன்ட்டா இருக்கே, தெரிஞ்சவங்களா?" என்று கேட்கிறார். ஆர்.டி. எடுக்க வருகிற பாட்டியிடமும் அதே அக்கறையோடு பேசுகிறவர் அவர். மருத்துவர் எரிச்சலோடு, "நிலம் வாங்குறேன்மா" என்கிறார். அப்படிச் சொல்லச் சொல்லி மோசடிக்காரன் முன்பே சொல்லிக் கொடுத்திருப்பான். முழு நாவலிலும் பணத்தைத் தடுக்க வாய்த்த ஒரே நொடி அது.

அடுத்து 1930. அங்கே கேட்பது: எந்த வங்கி, என்ன தேதி, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன. யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். என்றால் 12 இலக்கம். ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22 எழுத்தும் எண்ணும் கலந்தது. இது கையில் இல்லாமல் அழைத்தால் நிமிடங்கள் வீணாகும். புகார் பதிவானதும் ஒப்புகை எண் வரும். தகவல் முதல் கணக்கு உள்ள வங்கிக்குப் போகும். அங்கே மிச்சமிருக்கும் தொகையை வங்கி நிறுத்தி வைக்கும். மேலே போய்விட்டிருந்தால் இரண்டாவது வங்கிக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் துரத்தும். மோசடிக்காரனும் அதே வழியில் ஓடுகிறான். முதல் கணக்கு வாடகைக்கு எடுத்தது. ஏழை ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்குப் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, சிம் மூன்றையும் கொடுத்திருப்பார். வந்த பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரியும். அங்கிருந்து யு.எஸ்.டி.டி. ஆகிவிட்டால் வங்கிகளின் கை எட்டாது.

எனவே காலை வரை காத்திருந்தவருக்கு முழுத்தொகை கிடைக்காது. நிறுத்தி வைத்த பகுதியும் தானாகத் திரும்பாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார், சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர்., பிறகு நீதிமன்ற உத்தரவு என்று மாதக்கணக்கில் நடக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் பச்சை எழுத்து ஓடும் கறுப்புத் திரைகளையும் நண்பர் எடுத்துவிடலாம். அங்கே நடப்பது கடித வேலை. ஒவ்வொரு வங்கிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-ஆம் பிரிவில் அறிவிப்பு அனுப்பி, கணக்குத் திறந்த படிவமும் பரிவர்த்தனைப் பட்டியலும் கேட்டுக் காத்திருக்கிறார் ஓர் ஏட்டு. பதில் வராத அந்த நாட்களின் பதைப்பே போதும்.

படித்த பெண், பள்ளித் தலைமையாசிரியை. அவர் எப்படி ஏமாறுவார்? வாசகர்கள் "பேராசை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களே.
– தக்கலை வாசகி

பேராசை என்ற சொல்லை உங்கள் நாவலில் ஒரு பாத்திரம்கூட உச்சரிக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஏமாந்தவர்கள் முதல் நாள் புகார் கொடுக்காமல் பத்தாவது நாள் வருகிறார்கள். போன பணம் அந்த ஒன்பது நாளில்தான் உண்மையாகவே போகிறது.

நடக்கும் விதம் பொதுவாக இது. தவறி வந்ததுபோல ஒரு செய்தி. மன்னிப்பு, நலம் விசாரிப்பு. இரண்டு மூன்று வாரம் பணம் என்ற பேச்சே இல்லை. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். நூறு பேர் இருக்கும் அந்தக் குழுவில் தலைமையாசிரியை ஒருவர்தான் நிஜம். மற்றவர்கள் தினமும் லாபத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முதலில் 5,000 போடச் சொல்வார்கள். சில நாளில் 6,200 ஆகித் திரும்ப வரும், அதுவும் நிஜமாகவே அவருடைய வங்கிக் கணக்கில். கணிதம் நடத்திய ஆசிரியையை அந்த நிஜப் பணம்தான் வீழ்த்துகிறது. அவர் நம்பிக்கையை மட்டும் நம்பவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். சோதனையையே வடிவமைத்தவன் எதிரில் இருந்தான். அதற்குப் பின் செயலியில் ஏறுகிற தொகை வெறும் ஓவியம். எந்தச் சங்கிலியிலும் அப்படி ஒரு நாணயம் இருக்காது.

எடுக்கப் போகும்போது பூட்டு விழும். "30 சதவீத வரியை முதலில் கட்டினால்தான் விடுவிப்போம்" என்பார்கள். இந்தப் பொய்க்கு ஓர் உண்மை முட்டுக் கொடுக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி நிஜமாகவே உண்டு. தேடிப் பார்க்கும் ஆசிரியைக்கு அரசு அறிவிப்பே கிடைக்கும். அவருக்குத் தெரியாதது, அந்த வரியை வருமான வரித்துறைக்குத்தான் கட்டுவார்கள், செயலிக்குக் கட்டுவதில்லை என்பது. 2022 ஜூலை முதல் உள்ள ஒரு சதவீதப் பிடித்தமும் விற்ற தொகையிலிருந்து கழிப்பதுதான். யாரும் முன்பணமாகக் கேட்க மாட்டார்கள். அந்த வரிக்காக அவர் நகைக்கடன் வைப்பார், வளைகுடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய வைப்பை உடைப்பார், சீட்டுத் தள்ளி எடுப்பார்.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து இன்னொருவர் வருவார். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும்." ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். பல நாவல்கள் விட்டுவிடுகிற இந்த இரண்டாவது அடியை எழுதுங்கள்.

துப்பு வேண்டும் என்றால் மொழியில் வையுங்கள். எதிரில் இருப்பவன் மொழிபெயர்ப்புக் கருவியில் எழுதுகிறவன். "தாங்கள் மதிய உணவு உட்கொண்டீர்களா, அன்பே?" என்று வரும். தக்கலையில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் அப்படியா கேட்பான்? தமிழாசிரியையான தோழி அந்த ஒரு வரியைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்காரட்டும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று போய் மாட்டிக்கொண்ட கடற்கரைப் பையனை எழுதுகிறேன். எந்தத் தகவலில் கவனமாக இருக்க வேண்டும்?
– தேங்காய்ப்பட்டணம் வாசகர்

வழியில். திருவனந்தபுரத்தில் ஏறினால் ஏதோ ஒரு மாற்றத்தில் பாங்காக். அங்கிருந்து வண்டியில் பல மணி நேரம் வடமேற்கே, மே சோட் என்ற எல்லை ஊர். அதற்கு அப்பால் மோய் ஆறு. ஆற்றின் அக்கரை மியான்மரின் மியாவடி. தாய்லாந்து வேலைக்கு வந்தவனை மியான்மருக்குள் கொண்டுபோகிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பையன் வள்ளத்தில் வளர்ந்தவன். படகு அஸ்தமனத்தைப் பார்த்துப் போகிறது என்பதிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிடும். தாய்லாந்தின் மேற்கு எல்லையைக் கடக்கிறோம். கூட வந்த பொறியியல் பட்டதாரிகள் கைபேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே பாஸ்போர்ட்டைப் பறிப்பார்கள். நாளொன்றுக்கு இத்தனை பேரிடம் பேச வேண்டும் என்று இலக்கு இருக்கும். தவறினால் அடியும் அபராதமும், விட வேண்டும் என்றால் வீட்டாரிடம் பெருந்தொகையும். முந்தைய கேள்வியின் தலைமையாசிரியைக்குச் செய்தி அனுப்புகிறவன் இவனாகவே இருக்கலாம். தமிழ் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு மட்டும் மொழிபெயர்ப்புக் கருவி தேவைப்படாது. அவனுக்கு அதைவிடக் கொடிய தண்டனை இல்லை. திரும்பி வந்தால் அவன் பாதிக்கப்பட்டவனா, குற்றவாளியா என்ற விசாரணையும் காத்திருக்கும்.

போகத் தயாராகும் பிள்ளைகள் இதைப் படித்தால்: சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் போகாதீர்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரிலேயே அமைச்சகம் இந்த வேலை மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது.

கைபேசியைக் கைப்பற்றிவிட்டால் கிரிப்டோவும் போலீஸ் வசமா?
– மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்

இல்லை. நாணயம் கைபேசிக்குள் கிடையாது. அதை நகர்த்தும் சாவிதான் இருக்கிறது. அதே 12 சொற்கள் கூட்டாளியின் சட்டைப்பையிலும் இருந்தால், மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) எழுதி முடிப்பதற்குள் வாலட் காலியாகிவிடும். ஆகவே முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பார்த்துவிட்டு, காவல்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள வாலட்டுக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பரிமாற்ற எண்ணையும் (எழுத்தும் எண்ணும் கலந்து 64 இடம் கொண்டது) மகஜரில் ஏற்ற வேண்டும். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) விடுபட்டால் எதிர்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

மகன் ஆன்லைனில் யு.எஸ்.டி.டி. விற்றான். பணம் வந்தது. மறுவாரம் அவனுடைய சம்பளக் கணக்கே முடங்கிவிட்டது. கதைக்காகக் கேட்கவில்லை.
– ஆரல்வாய்மொழி, ஒரு தாய்

அம்மா, முதலில் இது கைது உத்தரவு இல்லை. வாங்கியவர் அனுப்பிய பணம் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருந்திருக்கும். அந்தப் புகாரின் துரத்தல் உங்கள் மகன் கணக்கு வரை வந்திருக்கிறது.

வங்கிக் கிளையில் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டியவை மூன்று: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை சர்ச்சைக்குரியது. அடுத்து மகன் சேர்க்க வேண்டியவை: எக்ஸ்சேஞ்சில் அந்த விற்பனையின் ஆர்டர் எண், வாங்கியவரோடு நடந்த உரையாடல், நாணயம் போன பரிமாற்ற எண், வங்கி அறிக்கை, அந்த நாணயத்தை முன்பு வாங்கியதற்கான சான்று. எக்ஸ்சேஞ்சில் காட்டிய பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். பெயர் வேறானால் அந்த விற்பனையை முடிக்காமல் பணத்தைத் திருப்பியிருக்க வேண்டும்.

இவற்றோடு விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தை அணுகலாம். நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சம்பளத்துக்கு இப்போதைக்கு வேறு வங்கிக் கணக்கை அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். "நான் திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்டு வருகிற எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கதை 2019-இல் நடக்கிறது. கதாநாயகி எக்ஸ்சேஞ்சில் வங்கி மூலம் பணம் போடலாமா?
– கோட்டாறு வாசகி

சிரமம். ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் 6 சுற்றறிக்கை வங்கிகளை எக்ஸ்சேஞ்சுகளிடமிருந்து விலக்கி வைத்திருந்தது. 2020 மார்ச் 4-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019 என்றால் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்று வாங்கியதாக எழுதுங்கள். கதையை 2023 மார்ச்சுக்குப் பின் தள்ளினால் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். சந்தேகப் பரிவர்த்தனையை அவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

துப்பாக்கி இல்லாமல் உச்சகட்டம் எழுத முடியுமா? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா அன்று வங்கிகள் மூடியிருக்கும்போது கொள்ளை நடப்பதாக யோசித்திருக்கிறேன்.
– இராஜாக்கமங்கலம் வாசகர்

யோசனையின் வேர் நன்றாக இருக்கிறது. 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 போலி உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடி டாலருக்கு மேல். டாக்காவில் வெள்ளி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. பணம் போய் இறங்கிய மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. மூன்று ஊர்களின் நாட்காட்டியை அடுக்கி வைத்துத் திருடினார்கள். வங்கியில் உத்தரவுகளை அச்சிடும் பிரிண்டரும் வேலை செய்யவில்லை. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி திரும்பியது. பெறுநர் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்ற சொல்லைப் பிழையாக எழுதியிருந்ததை ஒருவர் கவனித்துக் கேட்டதுதான் காரணம்.

உங்கள் திருவிழா நாளில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் 3-க்கு ஆட்சியர் அறிவிப்பது உள்ளூர் விடுமுறை. வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் அது வராது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடும், வங்கி திறந்திருக்கும். இதைத் திருத்தாமல் கதைக்குள் கொண்டுவாருங்கள். வெளிமாநிலத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டவன் செய்தித்தாளில் "குமரி மாவட்டத்துக்கு விடுமுறை" என்று மட்டும் படித்திருக்கிறான். அன்று காலை பத்து மணிக்கு மீனாட்சிபுரம் கிளையில் ஷட்டர் ஏறுகிறது. கூட்டம் எல்லாம் கோட்டாற்றில். கிளையில் ஈ, காக்கை இல்லை. வழக்கமாக நிமிர நேரமில்லாத அந்த கவுன்ட்டர் பெண்ணுக்கு அன்று ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு தடவை படிக்க நேரம் இருக்கிறது.